நெருப்பில் ஓடிய கறுப்பு

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஷுய்ஜி என்றொரு சிற்றூர். அதைச் சுற்றியுள்ள குன்றுகளில் சோங் அரசமரபின் காலத்தில், அதாவது 960-க்கும் 1279-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், கறுப்புத் தேநீர்க் கிண்ணங்கள் மலை மலையாகச் சுடப்பட்டன. ஜியான் கிண்ணங்கள் என்று பெயர். இரு கைகளுக்குள் அடங்கும் அளவு. வாயின் குறுக்களவு பெரும்பாலும் 12 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். அருங்காட்சியகங்களில் இவற்றின் உட்புறத்தைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டுவார்கள். கறுப்பின் மேல் இறங்கும் வெள்ளிக் கோடுகளும் புள்ளிகளும் அங்கேதான் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் இந்தக் கிண்ணம் எப்படி உருவானது என்று அறிய வேண்டுமானால் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அடியில் பூச்சே இல்லை. சொரசொரப்பான, ஏறக்குறைய கறுத்துப்போன பழுப்பு மண் அப்படியே தெரிகிறது. அதற்குச் சற்று மேலே, பட்டறைகளில் கிளேஸ் என்று சொல்லப்படும் மெருகு, ஒரு தடித்த விளிம்பாகத் திரண்டு நிற்கிறது. அந்த விளிம்பு நேர்கோடாக இல்லை. ஓரிடத்தில் ஏறி, ஓரிடத்தில் இறங்கி, ஓரிடத்தில் ஒரு முழுத் துளியாகத் தொங்குகிறது. கண்ணாடியான துளி. கீழே விழப் போனது விழாமலே இறுகிவிட்டது. இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அது கிண்ணத்தைச் சூளைக்குள் வைத்திருந்த மண்ணுறையோடு ஒட்டிப்போயிருக்கும். கிண்ணம் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும்.

வடிவம், மேற்பரப்பு, மெருகு என்று மண்கலங்களைப் பற்றிய நூல்கள் மூன்று தலைப்புகளாகப் பிரித்து எழுதுகின்றன. குயவர் வடிவத்தைச் செய்கிறார், பிறகு அதன்மேல் நிறம் பூசுகிறார் என்ற எண்ணம் அந்தப் பிரிவினையில் ஒளிந்திருக்கிறது. ஜியான் கிண்ணத்தில் அந்த எண்ணம் நிற்காது. இங்கே சக்கரத்தின் மேல் சுவரை எந்தச் சாய்வில் எழுப்புகிறோம் என்பதே, பல வாரங்கள் கழித்துச் சூளைக்குள் அந்தச் சுவரின்மேல் என்ன கோடு விழும் என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. வனைந்த கைகள் அந்த நேரத்திலேயே மெருகையும் வனைந்துகொண்டிருந்தன என்றுதான் நான் சொல்வேன்.

மெருகு என்பது அடிப்படையில் கண்ணாடி. கண்ணாடிக்கு முதல் தேவை சிலிக்கா. ஆற்று மணலிலும் கூழாங்கல்லிலும் இருக்கும் அதே பொருள். ஆனால் தூய சிலிக்கா உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வேண்டும். விறகுச் சூளை எதுவும் அந்த வெப்பத்தைத் தொடாது. சுண்ணாம்பைச் சேர்க்கலாமா? சுட்ட சுண்ணாம்பு தனியாக உருக 2,500 டிகிரிக்கு மேல் ஆகும். களிமண்ணில் இருக்கும் அலுமினா 2,000 டிகிரியைத் தாண்டும். மூன்றும் தனித்தனியே சூளைக்கு அடங்காதவை. ஆனால் ஏறக்குறைய 62 பங்கு சிலிக்கா, 23 பங்கு சுண்ணாம்பு, 15 பங்கு அலுமினா என்று கலந்தால் அந்தக் கலவை 1,170 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது. ஒவ்வொன்றின் அணுக்களும் மற்றதன் படிக ஒழுங்கைக் குலைக்கின்றன. ஒழுங்காக அடுக்கி நிற்க முடியாதபோது திரவநிலையே அவற்றுக்கு எளிதாகிவிடுகிறது.

தென்சீனக் குயவர்களுக்கு இந்த எண்கள் தெரியாது. அவர்களிடம் இருந்தவை அடுப்புச் சாம்பலும் உள்ளூர் மண்ணும். மரச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாஷும் இருக்கின்றன. மண்ணில் சிலிக்காவும் அலுமினாவும். இரண்டையும் நீரில் கரைத்துக் கூழாக்கினால் மெருகுக்கான கலவை தயார். விறகுச் சூளையில் பறந்துவந்த சாம்பல் பானைகளின் தோளில் படிந்து தானாகவே பளபளத்ததை யாரோ கவனித்திருக்க வேண்டும். சீனாவில் அப்படித் தொடங்கிய சாம்பல் மெருகு, சோங் காலத்துக்குள் 2,000 ஆண்டுப் பழக்கமாகிவிட்டிருந்தது. ஷுய்ஜியின் கலவையில் கூடுதலாக ஒன்று இருந்தது. அந்தக் குன்றுகளின் மண்ணில் இரும்பு அதிகம். மெருகின் எடையில் 5 முதல் 8 சதவீதம் வரை இரும்பு ஆக்சைடு. கிண்ணத்தின் உடல்மண்ணில் 9 சதவீதத்தைக்கூட அது எட்டும்.

இரும்பின் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஓட்டம்.

உருகிய மெருகு தண்ணீரைப் போல் ஓடிவிடாது; கெட்டித் தேனைப் போல் நகரும். எவ்வளவு வேகமாக நகரும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: அதன் பாகுத்தன்மை, அது நிற்கும் சரிவு, பூச்சின் தடிமன். மூன்றில் மிகவும் முரட்டுத்தனமானது தடிமன்தான். சாய்ந்த சுவரில் இறங்கும் திரவப் படலத்தின் வேகம் அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். பூச்சு இரண்டு மடங்கு தடித்தால் ஓட்டம் நான்கு மடங்கு விரைவாகும். ஒரே நேரத்தில் இறங்கும் மெருகின் அளவோ எட்டு மடங்காகிவிடும். மெல்லிய பூச்சில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும் அதே கலவை, தடித்த பூச்சில் அடிவரை வழிந்துவிடும். ஜியான் கிண்ணங்களின் மெருகு தடித்தது. கோடுகளும் புள்ளிகளும் தோன்ற அந்தத் தடிமன் தேவை. ஆனால் அதே தடிமன்தான் கிண்ணத்தை மண்ணுறையோடு ஒட்டவைத்துக் கெடுக்கவும் செய்யும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு குறுகிய இடத்தில்தான் ஷுய்ஜி குயவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள்.

இப்போது கிண்ணத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பாருங்கள். சிறிய அடி, அதிலிருந்து விரிந்து மேலெழும் சுவர், ஏறக்குறைய ஒரு கூம்பு. வாய்க்கு அருகில் சுவர் செங்குத்தை நெருங்குகிறது. கீழே வர வர வளைந்து உள்ளடி சமதளமாகிறது. உட்புறத்தில் மெருகு உருகும்போது மேல்சுவரில் அது விரைவாக இறங்குகிறது. வளைவை அடைந்ததும் வேகம் குறைகிறது. உள்ளடியில் தேங்கி நிற்கிறது. ஆகவே ஒரே கிண்ணத்துக்குள் மூன்று வெவ்வேறு மேற்பரப்புகள். விளிம்பில் மெருகு வடிந்துபோய் மெலிந்து, பழுப்பும் சொரசொரப்புமாக இருக்கும். நடுச்சுவரில் ஓட்டத்தின் தடங்கள் நீண்ட கோடுகளாக இறங்கும். உள்ளடியில் கறுப்பு ஒரு சிறு குளமாகத் தேங்கியிருக்கும். அங்கே கோடுகள் மங்கிவிடும். ஒரே கலவை, ஒரே நெருப்பு. வேறுபாடு முழுவதையும் சுவரின் சாய்வு உண்டாக்கியது.

விளிம்பு மெலிவதற்கு ஈர்ப்புவிசை மட்டும் காரணமில்லை. உருகிய சிலிகேட்டுகளின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதைப் போல் நான்கைந்து மடங்கு. கூர்மையாக வளைந்த எந்த இடத்திலிருந்தும் பரப்பு இழுவிசை திரவத்தைத் தட்டையான இடங்களை நோக்கித் தள்ளும். அதனால் விளிம்பு, கீறலின் மேடு, சக்கரத்தில் விரல் விட்ட வரி என்று எங்கெல்லாம் வடிவம் கூர்மையாகிறதோ அங்கெல்லாம் மெருகு மெலியும். இரும்பு மெருகில் தடிமன் நேரடியாக நிறமாகிறது. தடித்த இடத்தில் உள்ளே நுழைந்த ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டுக் கறுப்பாகத் தெரியும். மெலிந்த இடத்தில் ஒளி உள்ளே போய் மண்ணில் பட்டுத் திரும்பி வந்துவிடுகிறது, பழுப்பாகத் தெரிகிறது. இன்றைக்கு உலகெங்கும் குயவர்கள் இரும்பு மெருகு பூசப்போகும் கலத்துக்கு வேண்டுமென்றே ஒரு வரம்பு, ஒரு முனை வைத்து வனைவது இதற்காகத்தான். வழவழப்பாக உருட்டி எடுத்த வடிவத்தில் இந்த மெருகு வெறும் கறுப்பாக முடிந்துவிடும்.

வெளிப்புறத்திலும் இதே கவனம். கிண்ணத்தை அடியைப் பிடித்துத் தலைகீழாகக் கலவையில் முக்குவார்கள். பிடித்த பகுதியில் மெருகு படாது. அந்தப் பூசாத மண்பட்டைதான் வழிந்துவரும் மெருகுக்கு விடப்பட்ட இடைவெளி. அடியில் கண்ட துளி அந்த இடைவெளிக்குள் ஓடி வந்து நின்றது.

உடல்மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெருகு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சூளையின் உச்ச வெப்பத்தில் உருகிய மெருகு தன் அடியிலிருக்கும் மண்ணைக் கரைத்துத் தின்னும். வெளிர்மண்ணாக இருந்தால் சிலிக்காவும் அலுமினாவும் மெருகுக்குள் புகுந்து இரும்பின் செறிவைக் குறைக்கும். ஜியான் கிண்ணத்திலோ மண்ணிலேயே இரும்பு நிறைந்திருப்பதால் மெருகின் இரும்பு நீர்த்துப்போவதில்லை. பக்கத்து ஜியாங்சி மாகாணத்தின் ஜிசோவ் சூளைகளில் வெளிர்மண்ணின் மேல் கறுப்பு மெருகு பூசினார்கள். அங்கே கிடைத்த அழகு வேறு. உண்மையான மர இலை ஒன்றை மெருகில் பதித்துச் சுட்டு, அதன் நரம்புகள் வரை கிண்ணத்துக்குள் நிலைக்க வைத்தார்கள். மண் மாறினால் மெருகின் பாதையே மாறிவிடுகிறது.

களிமண் தானும் சூளையில் ஒரு நீண்ட பயணம் போகிறது. 450 டிகிரிக்கு மேல் களிமண் படிகங்களுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறுகிறது. அதற்குப்பின் அதை நீரில் குழைத்து மறுபடி மண்ணாக்க முடியாது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் மணிகள் சட்டென்று விரிகின்றன. ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்குகின்றன. அவசரப்பட்டால் கலம் விரிசல் விடும். 1,100 டிகிரியைத் தாண்டும்போது முல்லைட் என்ற ஊசிப் படிகங்கள் வளர்ந்து உடலுக்கு வலுவூட்டுகின்றன. ஆறும்போது இன்னொரு கணக்கும் உண்டு. மெருகு உடலைவிடக் குறைவாகச் சுருங்கினால் அது அழுத்தத்தில் நிற்கும். கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், கலமும் வலுவாகும். மெருகு அதிகம் சுருங்கினாலோ இழுபட்டு வலைவலையாக வெடிக்கும். சோங் மரபின் பிற்பகுதியான தென்சோங் அரசவைக்காகச் செய்யப்பட்ட குவான் வகைக் கலங்களில் அந்த வெடிப்பையே அழகாக ஏற்றார்கள். கறுப்பு மெருகில் அந்த வலை அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது.

இனி இரும்பு.

இரும்புக்கு ஆக்சிஜனோடு இரண்டு விதமான உறவு. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போது அது செம்மை சேர்ந்த ஆக்சைடாக நிற்கும். செங்கல்லின் நிறம் அதுதான். புகை மூடி ஆக்சிஜன் பற்றாக்குறையாகும்போது அது தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியை இழந்து கறுக்கும். தமிழ்நாட்டு வாசகர்கள் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி என்று அகழ்ந்த இடங்களிலெல்லாம் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்களில் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டபோது காற்றுப் புகாத உட்பகுதியில் கரியும் ஆக்சிஜன் இழந்த இரும்பும் கறுப்பைத் தந்தன. வெளியே காற்று பட்ட இடம் சிவந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். அந்தக் கலங்களின் பளபளப்பு மெருகினால் வந்ததல்ல. ஈரம் முழுதும் உலராத மண்ணைக் கூழாங்கல்லால் தேய்க்கும்போது தட்டையான களிமண் துகள்கள் ஒரே திசையில் படிகின்றன. ஒளி சிதறாமல் திரும்புகிறது. குறைந்த வெப்பத்தில் கண்ணாடியே இல்லாமல் ஒரு மேற்பரப்பை மின்னச் செய்த வேலை அது. அதற்குரிய மரியாதையோடு அதைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்குள் கரைந்த இரும்பு இன்னும் பல நிறம் காட்டும். மெருகில் ஒன்றிரண்டு சதவீதம் இரும்பு, புகைமூட்டமான சூளை என்றால் பச்சை கலந்த நீலம். ஜேஜியாங் மாகாணத்து லோங்சுவான் கலங்களின் புகழ்பெற்ற பச்சை அதுதான். இராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சீனக் கலவோடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இடைக்காலத்தில் இந்தப் பச்சைக் கலங்கள் கப்பலேறி நம் கரைவரை வந்தன. மெருகில் இரும்பு ஐந்தாறு சதவீதமானால் நிறம் கறுப்பு. எட்டு, பத்து என்று ஏற்றினால் கண்ணாடியால் அவ்வளவையும் கரைத்து வைத்திருக்க முடியாது. ஆறும்போது உபரி இரும்பு மேற்பரப்பில் படிகமாக வெளியேறித் துருச்சிவப்பாகத் தெரியும். ஜியான் மெருகு இந்த எல்லையின் அருகில் நிற்கிறது. கரைந்திருக்கலாமா, பிரிந்துவிடலாமா என்ற நிலையில் இருக்கும் இரும்புதான் அதன் அத்தனை வித்தைகளுக்கும் மூலம்.

சூளை 1,230 டிகிரி அளவைத் தாண்டும்போது, காற்று தாராளமாக இருந்தாலும்கூட, சிவப்பு இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனை முழுதாகப் பிடித்துவைத்திருக்க முடிவதில்லை. வெப்பமே அதைப் பிரித்துவிடுகிறது. விடுபட்ட ஆக்சிஜன் மெருகுக்குள் குமிழ்களாகிறது. குமிழ் மேலே ஏற வேண்டும். ஆனால் சுற்றியிருப்பது பாகு. இங்கேயும் அளவு எல்லாவற்றையும் ஆள்கிறது: குமிழின் ஆரம் பாதியானால் அது மேலேற எடுக்கும் நேரம் நான்கு மடங்கு. பெரிய குமிழ்கள் முதலில் மேலே வரும். வரும் வழியில் தம்மைச் சுற்றியுள்ள இரும்பு செறிந்த திரவத்தையும் சேர்த்து இழுத்து வரும். மேற்பரப்பில் குமிழ் வெடித்ததும் அங்கே ஒரு சிறு பள்ளம். பள்ளம் மூடி ஆறும்போது அந்த இடத்தில் இரும்பு மட்டும் மற்ற இடங்களைவிட மிகுந்திருக்கும். சூளை ஆறத் தொடங்கியதும் அங்கே இரும்பு ஆக்சைடு படிகங்கள் வளரும். கறுப்பில் வெள்ளிப் புள்ளிகள். ஜப்பானியர்கள் இதை எண்ணெய்த் துளி என்றார்கள்.

அந்தப் புள்ளிகள் தோன்றியபின் சூளை இன்னும் சற்று ஏறினால், அல்லது உச்சத்தில் இன்னும் சற்று நேரம் நின்றால், புள்ளிகள் நிற்கமாட்டா. மெருகின் பாகுத்தன்மை வெப்பத்தோடு வேகமாகக் குறைவது. சில பத்து டிகிரி வித்தியாசமே ஓட்டத்தைப் பெருக்கிவிடும். இரும்புப் புள்ளிகள் இறங்கும் மெருகோடு நீண்டு, இழைகளாகி, விளிம்பிலிருந்து உள்ளடியை நோக்கிக் கோடுகளாகின்றன. முயல்முடி என்று இதற்குப் பெயர். நெருங்கி, மெலிந்து, ஒன்றோடொன்று இணையாக இறங்கும் இழைகள். புள்ளிக்கும் முயல்முடிக்கும் இடையே கலவை மாற வேண்டியதே இல்லை; சாய்வும் நேரமும் மாறினால் போதும். இதோடு இன்னொரு செயலும் சேர்கிறது. மெருகு ஆறும்போது அனார்தைட் என்ற சுண்ணாம்பு ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் வளர்ந்து தம்மோடு அலுமினியத்தையும் கால்சியத்தையும் எடுத்துக்கொள்கின்றன. மீதமுள்ள திரவத்தில் இரும்பு கூடுகிறது. கூடிக் கூடி ஒரு கட்டத்தில் அந்தத் திரவமே இரண்டாகப் பிரிகிறது, ஒன்று இரும்பு செறிந்தது, மற்றது சிலிக்கா செறிந்தது. முயல்முடிக் கோடுகளின் நுண்ணமைப்பை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் இந்தப் பிரிவின் சிறு துளிகளைக் கண்டார்கள்.

இவையெல்லாம் சூளையின் அதிர்ஷ்டம் என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நெருப்பு கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று. இதில் பாதிதான் உண்மை. ஷுய்ஜியின் டிராகன் சூளைகள் குன்றுச் சரிவில் நீளமாக ஏறிச் செல்பவை. அகழ்ந்தெடுத்தவற்றில் மிக நீளமானது 135 மீட்டரைத் தாண்டும். அடியிலுள்ள அடுப்பிலிருந்து தொடங்கி, இருபுறத் துளைகள் வழியே விறகைத் தள்ளிக்கொண்டே மேல்நோக்கிப் போவார்கள். இவ்வளவு நீளத்தில் வெப்பம் ஒரே சீராக இருக்கவே முடியாது. ஒவ்வொரு கிண்ணமும் தனக்கென ஒரு மண்ணுறைக்குள், தனக்கென ஓர் உச்ச வெப்பத்தில், தனக்கெனச் சற்று வேறுபட்ட காற்றில் சுடப்பட்டது. எந்தக் கிண்ணத்துக்கு எந்தக் கோடு என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எந்த மண், எந்தச் சாய்வு, எவ்வளவு தடித்த மெருகு, அடியில் எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றையும் தீர்மானித்து, நெருப்பு எழுதக்கூடிய எல்லைகளை மனிதர்கள்தான் வகுத்தார்கள். அந்த எல்லைக்குள் ஆயிரக்கணக்கில் சுட்டு, நல்லதைப் பொறுக்கினார்கள். 1935-இல் ஜேம்ஸ் மார்ஷல் பிளமர் என்ற அமெரிக்கர் இந்தச் சூளைத்தலங்களுக்குப் போனபோது அங்கே கண்டது உடைந்த கிண்ணங்களும் மண்ணுறைகளும் குவிந்த மேடுகளை. உறையோடு ஒட்டிப்போனவை, கோணியவை, மெருகு வழிந்து அடியைப் பிடித்தவை. அந்த மேடுகள்தான் ஷுய்ஜியின் ஆய்வுக்கூடம். தோல்வி ஒவ்வொன்றும் அடுத்த சூளைக்கான அளவைச் சொன்னது. பிளமர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1972-இல் வெளிவந்தது.

கறுப்பை ஏன் இவ்வளவு தேடினார்கள்? தேநீருக்காக. சோங் காலத்தில் தேயிலையை ஆவியில் வேகவைத்துக் கட்டியாக அழுத்துவார்கள். பிறகு உடைத்து மாவாக அரைத்து, கிண்ணத்திலிட்டு, வெந்நீர் ஊற்றி மூங்கில் துடைப்பத்தால் நுரை பொங்க அடிப்பார்கள். நுரை வெண்மையாக இருக்க வேண்டும், நீண்ட நேரம் கலையாமல் நிற்க வேண்டும். இதில் போட்டிகளே நடந்தன. வெண்ணுரை கறுப்பின் மேல் எடுப்பாகத் தெரியும். நுரை விலகி நீர்த்தடம் எங்கே முதலில் தெரிகிறது என்பதையும் கறுப்பு காட்டிக்கொடுக்கும். ஃபூஜியனைச் சேர்ந்த அறிஞரும் அதிகாரியுமான சாய் சியாங், 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசருக்காக எழுதிய தேநீர் நூலில், ஜியான் கிண்ணங்களின் கருநீலக் கறுப்பையும் முயல்முடிக் கோடுகளையும் குறித்துவிட்டு, அவற்றின் சற்றுத் தடித்த உடல் சூட்டை நீண்ட நேரம் காக்கிறது என்பதைச் சிறப்பாகச் சொல்கிறார். பேரரசர் ஹுய்சோங் தன் பெயரில் 1107-இல் எழுதிய தேநீர் நூலிலும் முயல்முடி இறங்கிய கறுப்புக் கிண்ணத்துக்கே முதலிடம். அரசவைக்கென அடியில் எழுத்துப் பொறித்த கிண்ணங்களின் ஓடுகள் ஷுய்ஜியில் கிடைத்துள்ளன.

வடிவமும் இந்த வேலைக்கே அமைந்தது. பல கிண்ணங்களில் விளிம்புக்குச் சற்றுக் கீழே சுவர் லேசாக உள்வாங்கிப் பிறகு வெளியே திரும்பும். நுரை ததும்பாமல் தடுக்கவும் நீரின் அளவைக் காட்டவும் அது உதவியது என்பார்கள். அகன்ற வாய் துடைப்பம் சுழல இடம் தரும். விரிந்த அதே சுவர்தான் மெருகுக்கு ஓடுபாதை. குடிப்பவரின் தேவையும் மெருகின் தேவையும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்த இடம் என்று இந்த வடிவத்தைப் பார்க்கிறேன். மண்கலக் கலையில் இவ்வளவு இறுக்கமான பொருத்தம் அரிது.

பொருத்தம் இறுக்கமாக இருந்ததால்தான் பழக்கம் மாறியதும் கிண்ணமும் மறைந்தது. 1391-இல் மிங் அரசமரபின் முதல் பேரரசர் கட்டித் தேயிலையைத் திறையாகப் பெறுவதை நிறுத்தினார். இலையாகவே ஊறவைத்துக் குடிக்கும் முறை பரவியது. நுரை இல்லை, ஊறிய நீரின் நிறத்தைக் காட்ட வெள்ளைப் பீங்கானே ஏற்றது. ஷுய்ஜியின் சூளைகள் அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தன.

சீனாவில் மதிப்பிழந்த கிண்ணங்களை ஜப்பானியத் துறவிகளும் தேநீர்க் கலைஞர்களும் தலைமுறைகளாகப் போற்றிக் காத்தார்கள். தென்மோகு என்பது அங்கே வழங்கும் பெயர். ஜப்பானை ஆண்ட அஷிகாகா ஷோகன்களின் கலைப்பொருள்களுக்கான கையேட்டில் யோஹென் என்ற வகை முதலிடத்திலும் எண்ணெய்த் துளி அடுத்த இடத்திலும் வைக்கப்பட்டன. யோஹென் கிண்ணங்களில் புள்ளிகளைச் சுற்றி நீலமும் ஊதாவுமாக ஒளிவட்டங்கள் தெரியும். கிண்ணத்தைத் திருப்பினால் நிறமும் மாறும். கோணத்தோடு மாறும் நிறம் சாயத்தின் நிறம் அல்ல. ஒளியலைகள் நுண்ணிய கட்டமைப்பில் ஒன்றோடொன்று குறுக்கிடும்போது உண்டாகும் நிறம். முழுமையாக எஞ்சியவற்றில் ஜப்பானின் தேசியச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை மூன்று: டோக்கியோவின் செய்கடோ பூங்கோ, ஒசாகாவின் ஃபுஜிதா அருங்காட்சியகம், கியோட்டோவின் தைதோகுஜி கோயிலைச் சேர்ந்த ர்யோகோ-இன் ஆகிய இடங்களில் இருக்கின்றன. சீனாவில் முழுக் கிண்ணம் ஒன்றும் இல்லை. தென்சோங் தலைநகராக இருந்த ஹாங்சோவில் 2009-இல் உடைந்த யோஹென் கிண்ணம் ஒன்று மண்ணிலிருந்து கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மெருகுகளை மீட்க முயன்ற ஜப்பானியக் குயவர்களில் இஷிகுரோ முனெமாரோ குறிப்பிடத்தக்கவர். இலை பதிந்த ஜிசோவ் கிண்ணத்தின் முறையைத் தன் சூளையில் மீண்டும் கண்டுபிடித்தார். இரும்பு மெருகுக்காக 1955-இல் அவரை வாழும் தேசியச் செல்வமாக ஜப்பான் அறிவித்தது. இன்று கணினி கட்டுப்படுத்தும் மின்சூளையில் எண்ணெய்த் துளி மெருகைப் பல நாடுகளில் சுடுகிறார்கள். உச்ச வெப்பம், அங்கே நிற்கும் நேரம், ஆறும் வேகம் என்று ஒவ்வொன்றையும் டிகிரிக் கணக்கில் எழுதிவைக்க முடிகிறது. யோஹென் இன்னும் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை.

2014-இல் கேதரின் தெஜுவாவும் பிரான்ஸ், சீனா, அமெரிக்காவைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும் ஷுய்ஜி ஓடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிங்க்ரோட்ரான் முடுக்கியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களால் மெருகின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாக ஆராய்ந்தபோது, வெள்ளியாகத் தெரிந்த படிகங்கள் சாதாரணச் சிவப்பு இரும்பு ஆக்சைடான ஹெமடைட்டின் படிகங்கள் அல்ல என்று தெரிந்தது. அவை எப்சிலான் இரும்பு ஆக்சைடு. இரும்பும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில்தான், ஆனால் அணுக்களின் அடுக்கு வேறு. முயல்முடி ஓட்டில் அது சாதாரண ஹெமடைட்டோடு கலந்திருந்தது. எண்ணெய்த் துளி ஓட்டில் பெருமளவில், ஏறக்குறையத் தூய்மையாக இருந்தது.

இதில் ஆய்வாளர்களை வியக்க வைத்தது என்ன? எப்சிலான் வடிவம் நிலையற்றது. சூடேறினால் ஹெமடைட்டாக மாறிவிட விரும்புவது. 1934-லேயே அதன் இருப்பு குறிக்கப்பட்டிருந்தாலும், ஆய்வுக்கூடங்களில் அதை நானோமீட்டர் அளவுத் துகள்களாக, அதுவும் சிலிக்காவுக்குள் பொதிந்து வைத்துத்தான் பெற முடிந்தது. பெரிதாக வளரவிட்டால் ஹெமடைட்டாகிவிடும். அதன்மேல் இவ்வளவு அக்கறைக்குக் காரணம் அதன் காந்தத்தன்மை: அறை வெப்பநிலையில் ஒருமுறை காந்தமேற்றினால், அதைத் திருப்ப ஏறக்குறைய 2 டெஸ்லா அளவுக்கு வலுவான எதிர்க்காந்தப் புலம் வேண்டும். உலோக ஆக்சைடுகளில் இது மிகப் பெரிய எண். தகவலைக் காந்தமாகச் சேமிக்கும் கருவிகளுக்கு இப்படிப்பட்ட பொருள் மிகவும் வேண்டப்படுவது. ஷுய்ஜி ஓடுகளிலோ அந்தப் படிகங்கள் மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்ந்திருந்தன. பாகான கண்ணாடி, அதன் மேற்பரப்பில் மட்டும் செறிந்த இரும்பு, காற்றிலிருந்து ஆக்சிஜன் கிடைக்கும் மெல்லிய அடுக்கு, நீண்ட சூளை மெதுவாக ஆறிய நேரம் ஆகியவை ஒன்றுகூடிய இடத்தில் அவை வளர்ந்தன. இருபத்தோராம் நூற்றாண்டின் பொருளறிவியல் கூடங்கள் பெரிதாக வளர்க்கத் திணறிய அந்தப் படிகத்தை, வெண்ணுரைத் தேநீர் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று ஃபூஜியன் குயவர்கள் தங்கள் கிண்ணத்தின் உட்சுவரில் கைநிறைய விளைவித்திருந்தார்கள்.